மிகையை யார் கேட்பது?

நடவு முடிந்து இருபது நாள் ஆகிவிட்டது. பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்க வேண்டிய கழனி பழுத்துப்போய் நிற்கிறது. குருத்து வெளுக்கிறது. தூர் கட்டவில்லை. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் கட்டையாகவும் குட்டையாகவும் கறுத்தும் கிடக்கிறது. படப்பை வட்டாரத்தில், ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஓர் உழவருக்கு இந்த நிலை வந்தால் என்ன செய்வார்? ஓடுவார், உரக்கடைக்கு!

"ஜிங்க் குறைச்சல் அண்ணே! ஏக்கருக்குப் பத்துக் கிலோ போடுங்க, பத்தே நாளில் பச்சை கட்டும்" என்பார் கடைக்காரர். கடன் வாங்கியாவது வாங்கிப் போடுவார் உழவர். பச்சை கட்டவில்லை. மறுபடியும் ஓடுவார். "நுண்ணூட்டக் கலவை ஒன்று வந்திருக்கிறது, தெளித்துப் பாருங்க" என்பார் கடைக்காரர். தெளிப்பார். பயிர் மேலும் சுருங்கும். "எல்லாம் கண்ணேறு" என்று கூறி வயல் நடுவே பூசணிக்காயை நட்டுவிட்டுப் போவாரும் உண்டு!

கடைக்காரர் பொய்யரல்லர். தமிழ்நாட்டு மண்ணிலே துத்தநாகக் குறைவு பரவலாக இருப்பது உண்மை. ஆனால் கேள்வி அதுவல்ல. அந்தக் கழனியில் இருப்பது குறைவா, மிகுதியா? குறைவு இருக்கும் இடத்தில் போட்டால் அது மருந்து. மிகுதி இருக்கும் இடத்தில் போட்டால்? அதே பொட்டலம் நஞ்சு! அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதைப் பயிர் நூலறிஞர்கள் சோதனைக் குழாயிலே கண்டு உறுதி சொல்லியிருக்கிறார்கள். பாட்டியும் சொன்னார், பேராசிரியரும் சொன்னார். சொல்லாமல் இருப்பது யார் தெரியுமா? நம்மை ஆளுவோர் அச்சடித்துக் கொடுக்கும் அட்டை!

அந்த அட்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன், பயிரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து—இவை மூன்றும் பயிருக்குச் சோறு. இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, நிக்கல்—இவை சோற்றிலே இடும் உப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, உண்மைதான். அதற்காகப் பானை நிறைய உப்பைக் கொட்டுவார் உண்டோ?

இந்த உலோகங்கள் இல்லாமல் பயிர் பிழைக்காது என்ற அறிவு உலகுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. துத்தநாகம் பயிருக்குத் தேவை என்று 1926-இல் ஐயந்திரிபற நிறுவினார்கள். நிக்கலுக்கு அந்தத் தகுதி 1987-இல்தான் கிடைத்தது. வாற்கோதுமைப் பயிரை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் அதை மெய்ப்பித்தார்கள். நம் நாட்டிலே நெற்பயிரில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் குட்டையாகும் 'கைரா' என்னும் கேட்டுக்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று, 1966-இல் பந்த்நகரில் அறிஞர் நெனே கண்டு சொன்னார். புதிய நெல் இரகங்கள் புகுந்த காலம் அது. 'ஜிங்க் சல்பேட்' என்ற ஆங்கிலச் சொல் எழுதப் படிக்கத் தெரியாத உழவரின் வாயிலும் புகுந்த கதை இதுதான். நல்ல கதை! பல இலட்சம் மூட்டை நெல்லை மீட்ட கதை. ஆனால் பாதிக் கதை!

மறுபாதியைக் கேளுங்கள்.

மண்ணில் செம்போ துத்தநாகமோ நிக்கலோ மிகுந்தால், முதல் அடி இலையில் விழுவதில்லை. வேரில் விழுகிறது. வேரின் நுனிதான் வளரும் இடம், அங்கேதான் அடி. நுனி நின்றுவிடும். வேர் தடிக்கும், மயிர்போன்ற தூவிகள் குறையும். செம்பு இதில் மிகக் கொடியது. வேரைத் தாண்டி அது மேலே ஏறுவது குறைவு. ஆகவே இலையைச் சோதித்தால் செம்பு அதிகமில்லை என்றுகூடத் தோன்றும்! திருடன் வீட்டுக்குள்ளே இருக்க, தெருவிலே தேடிய கதையாக முடியும்.

அடுத்த அடி இரும்பின் மேல். நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு ஆகிய புல்லினப் பயிர்களுக்கு ஓர் அரிய வித்தை தெரியும். மண்ணில் இறுகிக் கிடக்கும் இரும்பைக் கூட்டிவர, இவை வேரிலிருந்து ஒரு சாற்றைத் தூது அனுப்புகின்றன. ஓட்ஸ், நெல் இவற்றின் வேர் கழுவிய நீரில் அந்தச் சாற்றை 1976-இல் எடுத்துக் காட்டினார் சப்பானிய அறிஞர் தகாகி. தூதன் போகிறான், இரும்பைக் கைப்பிடித்து அழைத்து வருகிறான். மண்ணில் செம்பும் துத்தநாகமும் மண்டிக் கிடந்தால்? போகும் வழியிலேயே தூதனை மடக்கிக்கொள்கின்றன! இரும்பு, மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டவில்லை. குருத்து வெளுக்கிறது. பார்ப்பவர் "இரும்புக் குறைவு" என்கிறார்; "நுண்ணூட்டம் போடு" என்கிறார். அந்தக் கலவையிலே என்ன இருக்கிறது? இரும்பு இருக்கிறது, கூடவே துத்தநாகமும் செம்பும் இருக்கின்றன! தீயை அணைக்க எண்ணெய்க் குடத்தைத் தூக்கி வந்த கதை அல்லவா இது?

இரும்பே மிகுந்தால்? அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படித்துச் சொன்னவர் நம் அண்டையிலே, இலங்கையிலே பிறந்தவர்! இலங்கையின் மழை மிகுந்த பகுதியிலே, தண்ணீர் தேங்கும் புளிப்பு மண்ணில், நெற்பயிரின் அடி இலைகள் வெண்கல நிறம் ஏறிக் கருகுவதைக் கண்டார்கள். பூச்சியோ, பூசணமோ, பேயோ என்று மயங்கிக் கிடந்த கேட்டுக்கு, கரைந்த இரும்பின் மிகுதியே காரணம் என்று 1955-இல் பொன்னம்பெருமா என்ற மண்ணியல் அறிஞர், அமெரிக்கப் பேராசிரியர் இருவருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். பின்னாளில் அவர் பிலிப்பைன்சு நாட்டிலுள்ள உலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்து, தண்ணீர் தேங்கிய மண்ணின் வேதியியலுக்கே வழிகாட்டியாக விளங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துத்தநாகம் குறைந்தாலும் அடி இலையில் துருநிறப் புள்ளி. இரும்பு மிகுந்தாலும் அடி இலையில் துருநிறப் புள்ளி. இரும்பு குறைந்தால் குருத்து வெளுக்கும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் மிகுந்தாலும் குருத்து வெளுக்கும். இலை ஒரே மொழி பேசுகிறது, பொருளோ இரண்டு! கண்ணால் பார்த்து மருந்து சொல்கிறவர், கைரேகை பார்த்துக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவரைக் காட்டிலும் எந்த வகையில் உயர்ந்தவர்?

தண்ணீரும் இதில் ஒரு நாடகம் ஆடுகிறது. வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் காற்று இல்லை. அப்போது இரும்பும் மாங்கனீசும் கரைந்து எழும். துத்தநாகமும் செம்பும் கந்தகத்தோடு கட்டுண்டு அடங்கிக் கிடக்கும். நீரை வடித்து, வயல் காய்ந்து, காற்று புகுந்ததும் நேர்மாறு: இரும்பு அடங்கும், துத்தநாகமும் செம்பும் கட்டவிழ்த்துக்கொண்டு புறப்படும். சம்பாவில் நல்ல பிள்ளையாக இருந்த கழனி, அதே வயலில் கேழ்வரகு விதைத்தால் முரண்டு பிடிப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. ஆகவே இரும்பு மிகுந்த வயலுக்கு "நீரை வடி, சாம்பல் சத்தைக் கூட்டு" என்பது மருந்து. துத்தநாகமும் செம்பும் மிகுந்த வயலுக்கு அதே "நீரை வடி" என்பது கேடு! நோய் எது என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியுமா? முடியாது. நோயைச் சொல்ல வேண்டியது யார்? அளவு எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்!

இப்போது அட்டைக்கு வருவோம்.

2015 பிப்ரவரி 19-ஆம் நாள், இராசத்தான் மாநிலம் சூரத்கட்டில், மண்வள அட்டைத் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. பன்னிரண்டு அளவுகள். தழை, மணி, சாம்பல், கந்தகம். துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். காரஅமிலத் தன்மை, உப்பின் தன்மை, கரிமச் சத்து. நல்ல திட்டம், நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்த அட்டையைக் கையில் வாங்கித் துத்தநாகம் என்ற வரிக்கு நேரே பாருங்கள். இரண்டே சொற்கள்தாம் அங்கே வரலாம். ஒன்று, 'போதாது'. மற்றொன்று, 'போதும்'. பத்து இலட்சம் பங்கு மண்ணில், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய துத்தநாகம் 0.6 பங்குக்குக் கீழே இருந்தால் போதாது என்பது நாட்டளவில் வழங்கும் எல்லை. சரி. 6 பங்கு இருந்தால்? 'போதும்'. 60 பங்கு இருந்தால்? அப்போதும் 'போதும்'! 'போதும்' என்பதற்கு மேலே, 'ஐயோ, போதும் போதும்!' என்று அலற அந்த அட்டையில் ஒரு சொல் இல்லை. நிக்கலுக்கு ஒரு வரி உண்டா? இல்லை. காட்மியத்துக்கு? இல்லை. குறையைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மிகையைக் கேட்கத் தெரியவில்லை.

"எங்கள் வயலுக்கு உலோகம் எப்படி வரும்?" என்று கேட்கலாம். தஞ்சைக் கழனிக்கு அந்தக் கேள்வி தகும். படப்பைக்குத் தகாது!

வண்டலூர்–வாலாசாபாத் சாலையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மணிமங்கலம், ஒரத்தூர், ஆதனூர் ஏரிகள். மறுபக்கம் ஒரகடம், வல்லம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் உருளத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்திலிருந்தும் உருண்டன. கார் என்றால் என்ன? இரும்புத் தகடு. அது துருப்பிடிக்காதிருக்க மேலே துத்தநாகப் பூச்சு. வண்ணம் அடிக்குமுன் அந்த உடலை முக்கி எடுக்கும் தொட்டியிலே துத்தநாகப் பாசுபேட்டு; அதோடு நிக்கலும் மாங்கனீசும். திருகுக்கும் மறைக்கும் துத்தநாக முலாம். பளபளக்கும் பாகத்துக்கு நிக்கல் முலாம். டயரிலே துத்தநாக ஆக்சைடு. அது தேயத் தேயச் சாலையிலே தூளாக உதிர்கிறது. பிரேக்குத் தூளிலே செம்பு. கொட்டகைகளின் கூரை துத்தநாகம் பூசிய தகடு. ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கரைந்து கால்வாய் சேருகிறது. கால்வாய் எங்கே போகிறது? ஏரிக்கு! ஏரி எங்கே போகிறது? மதகு வழியே கழனிக்கு! மிஞ்சியது கலங்கல் வழிந்து அடையாற்றுக்கு!

எந்த ஆலையின் மீதும் நாம் குற்றப் பத்திரிகை படிக்கவில்லை. தொழில் வேண்டாம் என்று சொல்லும் கூட்டமும் அல்ல நாம். "தெற்கே ஆலை எங்கே?" என்று மேடைதோறும் கேட்ட இயக்கத்தின் பிள்ளைகள்! 1971-இல் சிப்காட் பிறந்ததும், பனையும் பொட்டலும் இருந்த இடத்தில் ஆலைகள் எழுந்ததும், நம் வீட்டுப் பிள்ளைகள் நீலச் சட்டை அணிந்து கம்பெனிப் பேருந்தில் ஏறிப்போவதும் நமக்குப் பெருமை. பெருமையோடுதான் கேட்கிறோம்: மகன் ஆலையிலே சம்பாதிக்க, அப்பன் கழனியிலே இழப்பதா? ஆலையும் வாழட்டும், ஆயக்கட்டும் வாழட்டும். இரண்டும் வாழ இடையிலே ஒன்று வேண்டும்—கணக்கு!

கணக்கு என்றதும் இன்னோர் அட்டவணை நினைவுக்கு வருகிறது.

கழிவு நீரில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்று 1993-இல் ஒன்றிய அரசு, சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணையில் பொது அளவுகளை வகுத்தது. ஆறு, ஏரி முதலிய நீர்நிலைகளில் விடும் கழிவு நீரில், லிட்டருக்குத் துத்தநாகம் 5 மில்லிகிராம், செம்பு 3, நிக்கல் 3 வரை இருக்கலாம். அதே அட்டவணையில் பக்கத்திலேயே வேறொரு பத்தி: 'பாசனத்துக்காக நிலத்தில் விடுவது'. அங்கே துத்தநாகத்துக்கு நேரே என்ன எண்? எண் இல்லை, ஒரு கோடு! செம்புக்கு நேரே? கோடு! நிக்கலுக்கு, ஈயத்துக்கு, காட்மியத்துக்கு? கோடு, கோடு, கோடு! கடலுக்குக்கூட எண் வைத்தவர்கள் கழனிக்குக் கோடு போட்டுவிட்டார்கள்! மீனுக்கு இருக்கும் காவல் நெல்லுக்கு இல்லை!

உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டி என்ன கூறுகிறது? ஆண்டுதோறும் பாய்ச்சும் நீரில், லிட்டருக்குத் துத்தநாகம் 2 மில்லிகிராம், செம்பு 0.2, நிக்கல் 0.2—இதற்கு மேல் வேண்டாம் என்கிறது. செம்புக்கும் நிக்கலுக்கும் நம் நீர்நிலை அளவு அதைப்போல் பதினைந்து மடங்கு!

"ஏரியில் கலந்தால் நீர்த்துப் போகாதா?" என்பார்கள். போகும், ஏரி நிறைந்திருந்தால்! கோடையிலே, ஏரி குட்டையாகச் சுருங்கி, கால்வாயிலே வருவதே நீர் என்று ஆகும்போது? அப்போதைக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு போகம் நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 50 இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். அந்த நீர் லிட்டருக்கு 5 மில்லிகிராம் துத்தநாகம் சுமந்து வந்தால், ஒரே போகத்தில் ஏக்கரில் இறங்குவது 25 கிலோ துத்தநாகம். உழவர் கடன் வாங்கிப் போடும் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டில் இருப்பது வெறும் 2 கிலோ சொச்சம்! பன்னிரண்டு மடங்கு உரம், கேட்காமலே, விலையில்லாமலே! இலவசம் என்று மகிழ்வதா? ஒரு போகத்தோடு நிற்பதா? நவரை, சொர்ணவாரி, சம்பா என்று போகம் போகமாக வருமே!

செம்புக்கும் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால், ஏக்கருக்குப் போகத்துக்கு 15 கிலோ. ஓர் ஏக்கரின் மேல் மண், அரை அடி ஆழத்துக்கு, சுமார் 9 இலட்சம் கிலோ. அது அத்தனையும் அங்கேயே தங்கினால், பத்து இலட்சம் பங்குக்கு 16 பங்கு ஏறுகிறது, ஒவ்வொரு போகமும். எட்டுப் போகத்தில் 125-ஐத் தாண்டிவிடும்.

125 என்ற எண்ணை நாம் சும்மா சொல்லவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நாட்டின் கண்ணீர் இருக்கிறது.

சப்பான் நாட்டிலே ஆஷியோ என்ற செம்புச் சுரங்கம். அதன் கழிவு வதராசே ஆற்றில் இறங்கியது. 1890-இல் பெருவெள்ளம். செம்பு சுமந்த சேறு நெல் வயல்களில் படிந்தது, பயிர் மடிந்தது. அந்த ஆண்டுதான் சப்பானில் முதல் நாடாளுமன்றம் கூடிற்று. அதில் உழவர்களுக்காக எழுந்தவர் தனாகா ஷோசோ. 1891-இல் கேட்டார்; பதில் இல்லை. ஆண்டுதோறும் கேட்டார், ஏளனம் கிடைத்தது. செம்பு நாட்டுக்கு வருவாய் தருகிறது, நெல் போனால் போகட்டும் என்ற எண்ணம் ஆளுவோருக்கு! 1901-இல் உறுப்பினர் பதவியைத் தூக்கி எறிந்தார். அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள், மன்னர் சென்ற வண்டியை நோக்கி மனுவோடு ஓடினார். பிடித்தார்கள், பித்தன் என்று கூறி விட்டுவிட்டார்கள். 1907-இல் யானகா என்ற சிற்றூரையே இடித்துத் தரைமட்டமாக்கி, அழுக்கு வெள்ளத்தைத் தேக்கும் பள்ளமாக்கினார்கள். தனாகா 1913-இல் மறைந்தார். சுரங்கம் மூடப்பட்டது எப்போது? 1973-இல்!

அந்நாடு பாடம் கற்றது. காலம் கடந்துதான் கற்றது. 1970-இல் வேளாண் நில மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1972-இல் நெல் வயலில் செம்புக்கு எல்லை வகுத்தார்கள்: அமிலத்தில் கரைத்து எடுக்கும் செம்பு, பத்து இலட்சம் பங்கு மண்ணில் 125 பங்கு. 'பித்தன்' கேட்டது சட்டமாக, எண்பது ஆண்டு ஆயிற்று! அந்நாட்டிலேயே சின்சூ ஆற்றங்கரையில், துத்தநாகச் சுரங்கத்தோடு வந்த காட்மியம், நெல்மணிக்குள் புகுந்து, உண்டவர் எலும்பை நொறுக்கிய கொடுமையை 1968-இல் அரசே ஒப்புக்கொண்டது. செம்பு மிகுந்தால் பயிர் படுத்துவிடும். நம்மை எச்சரித்துவிட்டுச் சாகும். காட்மியமோ பயிரை வாழவிட்டு, மனிதனைத் தேடி வரும். துத்தநாகம் இருக்கும் இடத்தில் காட்மியத்தையும் அளக்க வேண்டும் என்பது அதனால்தான்.

தொலைவான கதை என்பார் இருந்தால், வேலூர் அருகில்தான் இருக்கிறது. பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது: மாசு செய்தவரே ஈடு தர வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்று. நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு! ஆனால் பாலாறு? 2025 சனவரி 30-ஆம் நாள் அதே உச்சநீதிமன்றம் மறுபடியும் அமர்ந்து, ஈட்டுத் தொகையைக் கொடுங்கள், ஆற்றை மீட்கக் குழு அமையுங்கள் என்று ஆணையிட வேண்டியிருந்தது. இடையிலே இருபத்தெட்டு ஆண்டு! அங்கே குரோமியமும் உப்பும். இங்கே பேச்சு வேறு உலோகங்களைப் பற்றி. ஆனால் பாடம் ஒன்றுதான்: தீர்ப்பு வந்து மண் திருந்துவதில்லை, அளவு வந்தால்தான் மண் தப்பும்.

ஏனென்றால், உலோகம் மக்காது. பூச்சிமருந்து காலத்தால் சிதையும், சாணம் மக்கும், எண்ணெயைக்கூடக் கிருமி தின்னும். உலோகத்தைத் தின்பார் இல்லை. சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பை முறித்தால் கொஞ்சம் அடங்கும். மக்கிய எரு இட்டால் செம்பு கட்டுப்படும். அது சிறை வைப்பது; நாடு கடத்துவது அல்ல! ஏழாம் நூற்றாண்டிலே மணிமங்கலத்துக்குப் புலிகேசியின் படை வந்தது, மாமல்லன் முறியடித்தான், வந்த படை திரும்பிப் போயிற்று. உலோகப் படை அப்படியன்று. வந்தால் வந்ததுதான். திரும்பாது. வராமல் தடுப்பதே வெற்றி!

ஆகவே நாம் கேட்பது பழியுமன்று, பரிவுமன்று. கணக்கு!

முதலாவது: மண்வள அட்டையில் 'போதாது', 'போதும்' என்ற இரண்டோடு 'மிகை' என்று மூன்றாவது சொல் ஏறட்டும். தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஒன்றியங்களிலாவது நிக்கல், காட்மியம், ஈயம், குரோமியம் ஆகியவற்றுக்கு வரிகள் சேரட்டும்.

இரண்டாவது: ஆறாம் அட்டவணையின் பாசனப் பத்தியில் கிடக்கும் கோடுகளை அழித்து எண்களை எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால், உலக நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது, பார்த்தாவது எழுதுங்கள்!

மூன்றாவது: ஒரகடம்–திருப்பெரும்புதூர் வட்டாரத்து ஏரிகள் ஒவ்வொன்றிலும், வரத்துக் கால்வாய்ச் சேறு, ஏரி நீர், மதகுக்குக் கீழே முதல் கழனி, கடைமடைக் கழனி—நான்கு இடத்தில் மண்ணும் நீரும் எடுத்து, நெல் அறுக்கும்போது மணியும் எடுத்துச் சோதியுங்கள். அருகிலே திருவள்ளூர் மாவட்டத்தில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அறிஞர்கள் இருக்கிறார்கள். முடிவைக் கோப்பிலே கட்டி வைக்காமல், ஊராட்சிச் சுவரிலே எழுதுங்கள், தமிழிலே!

நான்காவது: சோதனைச் சீட்டு இல்லாமல், நுண்ணூட்டத்தை மூட்டை மூட்டையாக உழவர் தலையில் கட்டும் வழக்கம் நிற்கட்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து விற்றால் குற்றம் என்கிறீர்களே, மண்ணுக்கு மட்டும் அந்த மதிப்பு இல்லையா?

உழவர் தோழர்களே! அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. குருத்து வெளுத்தால், கடைக்கு ஓடுமுன் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் கட்டையாக இருந்தால் பையை மூடி வையுங்கள். மண்ணை எடுத்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோங்கள். கழனியிலே எப்போது நீர் நிறம் மாறிற்று, எந்த மடையிலே முதலில் பயிர் பழுத்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு நாளைக்குச் சான்றாகும்.

மாசடைந்த இடங்களைப் பற்றிய புதிய விதிகள் 2025-இல் வந்திருக்கின்றன. ஐயத்துக்குரிய இடத்தைப் பட்டியலிட்டு மாநில வாரியத்துக்கு அனுப்ப, உள்ளாட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அவற்றில் வழி இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 22, தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. தேநீரும் தீர்மானமும் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். ஒருவர் எழுந்து, "எங்கள் ஏரிச் சேற்றில் எத்தனை துத்தநாகம், எத்தனை செம்பு, எத்தனை நிக்கல்?" என்று கேட்கட்டும். பதில் வரும்வரை மற்றவர்கள் உட்கார்ந்திருக்கட்டும்.

குறை இருந்தால் கேட்பதற்கு நமக்குப் பழக்கம் உண்டு. கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இனி, மிகையையும் கேட்போம்!